அம்மா கேட்ட இரும்பு

கத்தி வாங்குவதற்கு இப்போது இரும்புக்கு ஜாதகம் பார்க்கிறார்கள். என் மருமகன் சனி, ஞாயிறுகளில் மேகமலைப் பக்கம் போய்க் கூடாரம் அடித்துத் தங்குகிற ஒரு கூட்டத்தில் சேர்ந்திருக்கிறார். காட்டில் மாட்டிக்கொண்டால் உயிரைக் காப்பாற்றுகிற கத்தி ஒன்று வாங்க வேண்டுமாம். இரண்டு வாரமாகப் போனும் கையுமாக இருக்கிறார். இந்த ஸ்டீலில் கார்பன் இவ்வளவு, அந்த ஸ்டீலில் குரோமியம் அவ்வளவு, ஒன்று துருப்பிடிக்காது ஆனால் கூர் நிற்காது, இன்னொன்று கூர் நிற்கும் ஆனால் நெம்பினால் ஒடிந்துவிடும். சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, எதை எடுப்பது என்றே தெரியவில்லை என்று புலம்பினார். எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க இதே சண்டைதான் நடந்தது என்று சொன்னேன். அவர் காதில் விழவில்லை, யாரோ எழுதிய விமர்சனத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

நீங்களும் என் வயதை ஒட்டியவர்கள். மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைத் தேடுகிறவர்கள். அந்தக் காலத்து ஜீப்பில் ஏறியவர்களும் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் அது. எங்கள் வீடு சுருளிப்பட்டியில், திராட்சைப் பந்தல்களைத் தாண்டி வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. அப்பா ஜீப் ஓட்டினார். விடிவதற்கு முன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு வழியாக மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போவார், பொழுது சாயக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். ஆட்கள் என்றால் பெரும்பாலும் பெண்கள். அம்மாவும் அவர்களில் ஒருத்தி. ஆனி, ஆடிச் சாரலில் காய் எடுப்பு தொடங்கிவிட்டால் ஒரு நாள்கூட வீட்டில் தங்க மாட்டாள். சாயங்காலம் அவள் சேலையில் பச்சை ஏலக்காய் வாசனையும், அட்டை ஏறாமலிருக்கக் காலில் தேய்த்த மூக்குப்பொடி வாசனையும் சேர்ந்து வரும். அம்மாவின் வாசனை எது என்று கேட்டால் இன்றைக்கும் அந்த இரண்டையும்தான் சொல்வேன்.

ஜீப்பின் பின்பக்கத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேலே படுதா, பக்கங்களில் படுதா, பின்னாலும் படுதா, எல்லாம் கம்பிச் சட்டத்தின்மேல் போர்த்தியது. தார் வாசனையும் வியர்வை வாசனையும் அதில் எப்போதும் இருக்கும். பின்னால் தொங்குகிற படுதாவை வெளியிலிருந்து கயிறு கோத்து இழுத்துக் கட்டிவிடுவார்கள். மழைக்காக என்று சொல்வார்கள். மழையும் காரணம்தான். செக்போஸ்டில் தலை எண்ணிவிடக் கூடாது என்பது இன்னொரு காரணம். உள்ளே ஒருத்தி மடியில் ஒருத்தியாக உட்கார்ந்திருப்பார்கள், கால்களுக்கு நடுவில் தூக்குவாளிகள் இடித்துக்கொண்டிருக்கும். கட்டுவது தேங்காய் நார்க் கயிறு. அது நனைந்துவிட்டால் முடிச்சு இறுகிப்போய் லேசில் அவிழாது.

முந்தின வருஷம் அப்பாவின் கூட்டாளி ஓட்டிய ஜீப், மலையிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் சறுக்கி ஓடைக்குள் கவிழ்ந்தது. பெரிய பள்ளம் ஒன்றும் இல்லை. ஓடையில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான். பின்னால் வந்துகொண்டிருந்த அப்பாவின் ஜீப்பிலிருந்து எல்லாரும் இறங்கி ஓடினார்கள். அம்மாவும் ஓடினாள். கயிற்றைப் பல்லால் கடித்தார்கள், கல்லால் குத்தினார்கள். யாரிடமும் ஒரு கத்தி இல்லை. தோட்டத்துக் கத்தியும் களைக்கொத்தும் தோட்டத்துக் கிடங்கிலேயே வைத்துப் பூட்டப்படும், ஆட்கள் வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு திரும்புவார்கள். ஒருவழியாகப் படுதாவைக் கிழித்து இழுத்தபோது மற்றவர்கள் எல்லாரும் உயிரோடு வந்தார்கள். என் சித்தி வரவில்லை. அம்மாவுக்கு ஒரே தங்கச்சி. ஒரு செருப்பில் நீல வாரும் இன்னொன்றில் சிவப்பு வாரும் போட்டுக்கொண்டு, கேட்டால் இதுதான் இப்ப பாஷன் என்று சிரிக்கிறவள். அந்தச் செருப்புகள் கடைசிவரை கிடைக்கவில்லை. பிள்ளைகளான எங்களிடம், சித்தி தண்ணீரில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

அந்த ஜீப் போனதும் அதில் போய்க்கொண்டிருந்த ஆட்களும் எங்கள் அப்பா தலையில் விழுந்தார்கள். தோட்டத்துக்கு ஆள் பிடித்து அனுப்புகிற கணக்கப்பிள்ளை ஒருவர் இருந்தார், கம்பத்தில் வீடு. எந்த ஜீப்புக்கு டிரிப் என்பது அவர் வாயில் இருந்தது. அவரே கடையில் புதுப் பட்டை வாங்கி வந்து அப்பாவிடம் கொடுத்தார். பட்டை என்றால், ஜீப்பின் அடியில் பாரம் தாங்குவதற்காக வில்லாக வளைந்து அடுக்கியிருக்குமே, அந்த ஸ்பிரிங் பட்டை. பின்பக்கம் இரண்டு அடுக்கிலும் கூடுதலாக ஒன்று செருகிவிட்டால் எவ்வளவு பேர் ஏறினாலும் வண்டி குனியாது. குனியாவிட்டால் பாரம் வெளியே தெரியாது. அப்பா மாட்டினார். நான் ஆறாம் வகுப்புக்குப் போன அந்த ஆனி மாதத்திலிருந்து இரண்டு ஜீப் ஆட்களை ஒரே ஜீப் சுமந்தது.

அப்போதுதான் அம்மா ஒரு நாள் சாப்பாடு போடும்போது, தனக்கு ஒரு கத்தி வேண்டும் என்றாள். அரிவாள்மனை இருக்கிறதே என்றார் அப்பா. அது இல்லை, மலைக்குப் போகும்போது மடியில் வைத்துக்கொள்ள, நனைந்த கயிற்றை ஒரே இழுப்பில் அறுக்கிற மாதிரி, படுதாக் கம்பியை நெம்பினாலும் ஒடியாத மாதிரி வேண்டும் என்றாள். அப்பா நல்ல டிரைவர், அது ஊருக்கே தெரியும். ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

"என் வண்டியில வர்றதுக்கு ஒனக்குக் கத்தி வேணுமாக்கும்?" என்றார்.

அம்மா ரசத்தை ஊற்றினாள். மறுநாள் சாயங்காலமே கொல்லன் பட்டறைக்குப் போய்விட்டாள், என்னையும் கூட்டிக்கொண்டு.

எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் ஒரு வாயாடி. இரும்பைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கொள்கைதான்: பழைய அரம். தேய்ந்துபோன அரத்தைக் காய்ச்சி அடித்தால் அதைப்போலக் கூர் வேறு எதிலும் வராது என்பார். அடித்தும் கொடுத்தார். உண்மையிலேயே நல்ல கூர். வீட்டுக்கு வந்து அம்மா ஒரு கயிற்றைத் தொட்டியில் ஊறப்போட்டு முருங்கை மரத்தில் கட்டி இழுத்தாள், வெட்டிய சத்தம்கூட வரவில்லை. நான் குதித்தேன். துணி துவைக்கிற கல்லில் வைத்துவிட்டுத் திரும்பும்போது சேலை பட்டுக் கத்தி கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தால் முனையைக் காணோம். கண்ணாடி மாதிரி ஒடிந்து கிடந்தது. கல்லுல போட்டா எதுதான் ஒடியாது என்று பட்டறைக்காரருக்குக் கோபம். கவிழ்கிற ஜீப்புக்குள் பஞ்சு மெத்தையா போட்டிருக்கிறது என்று அம்மா கேட்டாள்.

விஷயம் பெரியப்பா காதுக்குப் போனது. அப்பாவின் அண்ணன், தேனியில் பாத்திரக்கடை வைத்திருந்தார். அவருக்கு உலகத்தில் உள்ள எல்லா நோய்க்கும் எவர்சில்வர்தான் மருந்து. பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கச் சொல்லி எத்தனை கல்யாணப் பெண்களின் மனதை மாற்றியிருப்பார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. மலையில் ஓயாத மழை, இரும்புக் கத்தி ஒரே வாரத்தில் துருவேறிவிடும், எவர்சில்வர் உன் பேத்தி காலம் வரைக்கும் பளபளவென்று இருக்கும் என்று அம்மாவுக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தார். பிறகு தடிமனான தகடு ஒன்றை எங்கிருந்தோ வெட்டிவந்து, தனக்குத் தெரிந்த கடைசல்காரரிடம் கொடுத்து, கத்தி செய்து கொண்டுவந்துவிட்டார். பிடியில் பூ வேலை வேறு. முகம் பார்க்கலாம். அதை வாங்கிக்கொள்ளாவிட்டால் அவர் முகம் வாடிவிடும் என்று அம்மா வாங்கிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோட்டம் கிடையாது. அப்பா முக்குக் கடைக்கு டீ குடிக்கப் போயிருந்தார். ஜீப் வாசலில் நின்றது, முதல் நாள் மழையில் நனைந்த படுதா இன்னும் காயவில்லை. அம்மா எவர்சில்வர் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். என்னைக் கூப்பிட்டு, அப்பா எப்படிக் கட்டுவாரோ அதே மாதிரி வெளியிலிருந்து கட்டச் சொன்னாள். எனக்கு விளையாட்டாக இருந்தது. படுதா ஓரத்து ஓட்டைகளில் கண் கண்ணாகக் கயிற்றைக் கோத்து, காலை வண்டியில் ஊன்றி இழுத்து, முடிச்சின்மேல் முடிச்சுப் போட்டேன். நல்லாக் கட்டுனியா என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கட்டிட்டேம்மா என்றேன்.

கத்தி உராய்கிற சத்தம் கேட்டது. படுதாவின் இடுக்கில் அதன் பளபளப்பு வந்து வந்து போனது. முதலில் ஓரிரு இழைகள் பிரிந்தன. அப்புறம் உராய்ந்துகொண்டே இருந்தது, கயிறு அறவில்லை. கூர் மழுங்கிவிட்டது என்பது எனக்கே தெரிந்தது. அம்மா படுதாவையே குத்திப் பார்த்தாள். அது உள்ளே அமுங்கி அமுங்கி வந்ததே தவிர கிழியவில்லை. மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அம்மா, அம்மா என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். நான் போட்ட முடிச்சு எனக்கே வரவில்லை. நகம் பிய்ந்தது. பல்லால் கடித்தேன், நாரும் மழைத்தண்ணியும் தாரும் வாயில் கசந்தன. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, சித்தி வழுக்கி விழவில்லை என்று. யாரும் சொல்லவில்லை. அந்தக் கயிறுதான் சொன்னது. நான் போட்ட கூச்சலில் அப்பா டீக்கடையிலிருந்து ஓடிவந்தார்.

அவர் முடிச்சுக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பி அவிழ்த்தார். இரண்டு தடவை அது நழுவிக் கீழே விழுந்தது. படுதாவைத் தூக்கினால், அம்மா வியர்வையில் குளித்துப்போய்த் தரையில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். மயக்கம் ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தாள். அப்பா திட்டத்தான் வாயைத் திறந்தார்.

"இப்பிடித்தான் அவ கெடந்தா," என்றாள் அம்மா.

அப்பா வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் அந்த ஸ்க்ரூடிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டே நின்றேன், என்னை யாரும் சமாதானப்படுத்தவில்லை. எவர்சில்வர் கத்தி அப்புறம் அடுப்படிக்குப் போய்விட்டது. வெண்ணெய் வெட்டத்தான் லாயக்கு என்று அம்மா அதற்குப் பட்டம் கொடுத்தாள். பெரியப்பா வரும்போது மட்டும் அதை எடுத்து அவர் கண்ணில் படுகிற மாதிரி மாட்டி வைப்பாள்.

இதற்குப் பிறகு அப்பா கத்தி வேண்டாம் என்று சொல்வதை நிறுத்திவிட்டார். தானே இரும்பு தேடத் தொடங்கினார். வீட்டுக்குப் பின்னால் அவருடைய ஜீப்பிலிருந்து என்றோ ஒடிந்து கழற்றிப் போட்ட பட்டை ஒன்று கிடந்தது, கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்தோம். அதைக் கொண்டுபோய்ப் பட்டறையில் கொடுத்தார். அடித்துக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தபோது மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல், நடுவில். ஒடிந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் எத்தனை விரிசல் இருக்குமோ, அது ஆகாது என்று பட்டறைக்காரர் கையை விரித்துவிட்டார்.

பிறகு கம்பத்தில் ஒரு மர மில்லில் தேய்ந்துபோன வாள் கிடைத்தது. மரம் அறுக்கிற பெரிய வாளின் ஒரு துண்டு. அதில் அடித்த கத்தியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. கைக்கு லேசாக, வளைத்தால் வளைந்து நிமிர்கிற மாதிரி இருந்தது. முருங்கை மரத்துக் கயிறு ஒரே இழுப்பில் அறுந்தது. கல்லில் போட்டாலும் ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெல்லிசாக இருக்கிறது, கம்பியை நெம்பினால் வளைந்து மடங்கிவிடும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சரி, தடித்த பட்டைதானே வேண்டும் என்று அப்பா பழைய இரும்புக் கடையில் அலசி, ஒடியாத பட்டை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். அதுவும் வேண்டாம். எந்த வண்டியில் கிடந்ததோ, எத்தனை வருஷம் எவ்வளவு பாரம் சுமந்ததோ, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்றாள். அன்றைக்குப் பெரியப்பாவும் வந்திருந்தார். பொம்பளைக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு, ஒரு கத்திக்கு மாப்பிள்ளை பாக்குறமாதிரி பாக்குறா என்று அப்பாவிடம் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. மில் வாள் கத்தியில் என்ன குறை என்று எனக்குப் புரியவில்லை.

அப்பா பொறுமை இழந்து, வேற எந்த இரும்புதான் ஒனக்கு வேணும் என்று கேட்டார். அம்மா வாசலில் நின்ற ஜீப்பைக் கையால் காட்டினாள்.

"அதுல புதுசா மாட்டியிருக்கீகல்ல, கணக்கப்பிள்ள வாங்கிக் குடுத்த பட்ட. அது ரொம்ப நாளு பாரஞ் சொமக்கல. ஒடியவும் இல்ல. அதுல அடிச்சாத்தான் எனக்குத் தைரியம்."

பெரியப்பா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. ஒரு பக்கத்துப் பட்டையை மட்டும் எடுத்தால் வண்டி ஒருச்சாய்ந்து நிற்கும், எடுத்தால் இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும், அது அம்மாவுக்கும் தெரியும். இத்தனை வருஷம் டிரைவர் பெண்டாட்டியாக இருந்தவள். இரண்டையும் எடுத்துவிட்டால் பழையபடி கொஞ்சம் பேரைத்தான் ஏற்ற முடியும். கணக்கப்பிள்ளையிடம் என்ன சொல்வது? டிரிப் போய்விட்டால் வீட்டில் எல்லாரும் என்ன சாப்பிடுவது? அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்கச் சாரல் விடவே இல்லை. அப்பாவும் அம்மாவும் ஒரே ஜீப்பில் போய் ஒரே ஜீப்பில் வந்தார்கள், வீட்டில் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் தபால்காரி.

அடுத்த ஞாயிறு காலையில் அப்பா ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார். கீழே சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டார். நட்டுகள் இறுகிப்போயிருந்தன. மத்தியானம் வரைக்கும் அடியிலிருந்து முக்கலும் முனகலும் சுத்தியல் சத்தமும் வந்துகொண்டிருந்தன. கடைசியில் கிரீஸ் அப்பிய பட்டை ஒன்று வெளியே வந்து விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அவர் அடியிலிருந்து எழுந்து வரவில்லை, படுத்த இடத்திலிருந்தே கேட்டார்.

"கத்திக்குத்தான கேட்ட?"

"கத்திக்குத்தான்," என்றாள் அம்மா.

அவ்வளவுதான் பேச்சு. அம்மா குனிந்து பட்டையை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அந்தச் சேலையில் கிரீஸ் கறை கடைசிவரை போகவில்லை.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் பட்டறையில் கத்தி தயாராகிவிட்டது, நன்றாகவே வந்தது. ஒரு சாண் அளவைவிடச் சற்று நீளம், தடித்த முதுகு, புளிய மரத்தில் பிடி. பளபளப்பெல்லாம் கிடையாது, எண்ணெயில் தோய்த்த கறுப்பு அப்படியே இருந்தது. அரக் கத்தி அளவுக்குக் கூர் இல்லை. எண்ணெய் தடவாமல் விட்டால் துருப்பிடிக்கும். ஆனால் அப்பா அதைக் கல் இடுக்கில் சொருகி முழு பலத்தையும் போட்டு நெம்பிப் பார்த்தார், அசையவில்லை. என் மருமகனிடம் கேட்டால் இந்த ஸ்டீலுக்கு ஏதாவது ஒரு நம்பர் சொல்லுவார். இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பா வண்டி ஓட்டிய காலம் வரைக்கும் அந்தக் கத்தி ஒரே ஒரு படுதாக் கயிற்றைக்கூட அறுத்ததில்லை, அறுக்க வேண்டி வரவே இல்லை.

நான் இதையெல்லாம் ரொம்ப வருஷம் கத்திக் கதையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, என் வீட்டுக்காரரிடம் நேராகச் சொல்ல முடியாத விஷயங்கள் எனக்கும் சேர்ந்த பிறகுதான் மில் வாள் கத்தியை அம்மா ஏன் திருப்பிக் கொடுத்தாள் என்பது புரிந்தது. வண்டியில் ஆளைக் குறை என்று சொன்னால், எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தர்றியா என்று அப்பா எகிறியிருப்பார். அவள் அதைச் சொல்லவே இல்லை. ஒவ்வொரு இரும்பாகத் தள்ளிக்கொண்டே வந்தாள், அந்த இரண்டு பட்டையில் போய் நிற்கிற வரைக்கும். பட்டறைக்காரர், பெரியப்பா, ஊர்க்காரர்கள் எல்லாரும் அவளுக்குக் கத்திக் கிறுக்கு என்று முடிவு கட்டியிருந்தார்கள். அப்பாவுக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். எப்போது தெரிந்தது என்றுதான் எனக்குத் தெரியாது. படுதாவைத் தூக்கிப் பார்த்தாரே, அன்றைக்கா? வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தபோதா?

பட்டையைக் கழற்றிய மறுநாள் விடியற்காலையில் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அம்மாவின் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஜீப் நிற்கிற முக்கு வரைக்கும் நான் தினமும் போவேன். டீக்கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பொடிச்சாரல் அடித்தது. பெண்கள் தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கினார்கள். கொஞ்சம் பேர் ஏறியதுமே வண்டியின் பின்பக்கம் குனிந்தது. இன்னும் கொஞ்சம் பேர் ஏறினார்கள், இன்னும் குனிந்தது. அப்பா போதும் என்று கையைக் காட்டினார். கீழே பாதிப்பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

கணக்கப்பிள்ளை குடையோடு வந்தார். மலைக்கும் கீழுக்கும் போய்வந்து அவர் பேச்சில் பாதி மலையாளம்.

"சாரமில்ல, இன்னும் ஆளு கேறட்டும்," என்றார். பரவாயில்லை, ஏறட்டும் என்று அர்த்தம்.

வண்டி தாங்காது என்றார் அப்பா. தாங்காமல் என்ன, நான் வாங்கித் தந்த பட்டை எங்கே என்று குடையால் வண்டியின் அடியைத் தட்டிக் கேட்டார் கணக்கப்பிள்ளை. டீக்கடையில் நின்ற மற்ற டிரைவர்கள் கிளாசைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்கள். பயமாக இருக்கிறது என்று அப்பா சொல்லியிருந்தால் அடுத்த நாள் அந்த டிரிப் அந்த டிரைவர்களில் ஒருவருக்குப் போயிருக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு டிரைவர் வாயிலிருந்து வரவே கூடாத வார்த்தை அது.

"எம் பொண்டாட்டி அதுல கத்தி அடிச்சுட்டா," என்றார் அப்பா.

டீக்கடையே சிரித்தது. கணக்கப்பிள்ளைக்குக்கூடச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோபப்படலாம் என்று வாயைத் திறந்தவர், பெண்டாட்டிக்கு பயந்து வண்டியைப் பிரித்துக் கொடுத்த மனுஷனிடம் என்ன கோபப்படுவது என்று தலையில் அடித்துக்கொண்டார். மீதி ஆட்களுக்கு இன்னொரு ஜீப் சொல்லிவிட ஆள் அனுப்பினார். அப்பாவுக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. பட்டை குடுத்தவரு என்றால் கம்பம் ஸ்டாண்டு வரைக்கும் தெரியும். யார் கேலி செய்தாலும் அவர் மறுத்ததே இல்லை, ஆமாப்பா, என்ன செய்யிறது என்று தானும் சேர்ந்து சிரிப்பார். அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது. எங்கள் அப்பாவைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறார்களே என்று தூக்குவாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா வண்டிக்குள் கடைசியில், படுதாவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கீழே நின்றவர்களில் ஒரு அக்கா புருஷனை இழந்தவள், இரண்டு சின்னப் பிள்ளைகள். இன்னொரு ஜீப் வருகிற வரைக்கும் நின்றால் அரை நாள் சம்பளம் போய்விடும் என்று அவள் முனகிக்கொண்டிருந்தாள். அம்மாவையும் சேர்த்துத்தான் திட்டினாள், அதில் தப்பில்லை. அம்மா இறங்கினாள். அவளைக் கையைப் பிடித்துத் தன் இடத்தில் ஏற்றி உட்கார வைத்தாள். பிறகு இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தாள்.

"ஆத்தா, இங்கன ஓரமா உக்காரு. இத மடியில வச்சுக்க. வண்டி லேசாச் சாஞ்சாலும் யோசிக்காத, கயித்த அறுத்துப்புடு."

அப்பா பின்னால் வந்து படுதாவை இறக்கினார். கயிற்றைக் கையில் எடுத்தவர், கண் கண்ணாகக் கோக்கவில்லை. மழை உள்ளே அடிக்காத அளவுக்கு ஒரே ஒரு சுருக்கு, இழுத்தால் வந்துவிடுகிற சுருக்கு. அம்மாவைப் பார்க்காமல், சாரலில் நிற்காமல் வீட்டுக்குப் போங்கள் என்று எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

அம்மா அசையவில்லை. ஜீப்பின் சிவப்பு விளக்கு திராட்சைப் பந்தல்களைத் தாண்டி மறைகிற வரைக்கும் நின்றாள். டீக்கடையில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கி, மூடியைத் திறந்து, மலைக்கென்று கட்டிய பழைய சோற்றை அங்கேயே நின்று ஒரு கை அள்ளி வாயில் போட்டாள்.

"பசிக்குதுத்தா," என்றாள்.

சித்தி போன நாளிலிருந்து அந்தச் சொல்லை அம்மா வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.